பெரியப்பாவைப் போல் கார் வைத்திருப்பவர் யார்?

பெரியப்பா, நம் குடும்பத்தில் கார் வைத்திருப்பவர்கள் பலர். காரை மதிப்பவர் நீங்கள் ஒருவர்தான். வாங்கிய அன்றே பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கு ஓட்டிப்போய், பானட்டில் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சாற்றி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். அதற்குப் பிறகு ஓர் ஆயுத பூஜைகூட அந்தக் காருக்குத் தவறியதில்லை. கதவின் உள்பக்கத்துப் பிளாஸ்டிக் தாளை இன்றுவரை நீங்கள் பிரிக்கவில்லை. வெயில் படாமல் மேலே உறை, உறையின் மேல் விழுகிற வேப்பம்பூவைத் தட்டுவதற்குத் தனியாக ஒரு துணி. தெருப்பையன் அடித்த பந்து பானட்டில் பட்டால் உங்கள் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பானட்டின் மேல்புறத்துக்கு உங்களைவிட நல்ல காவலர் கிடைக்க மாட்டார். கீழ்ப்புறத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். அங்கேயும் உங்கள் நற்குணங்கள் ஒன்று விடாமல் வேலை செய்திருக்கின்றன.

முதலில் உங்கள் பொறுமை. உங்கள் என்ஜினின் அடியில், சம்பில் இப்போது கிடக்கிற மூன்று லிட்டர் எண்ணெய், சந்திரயான்-3 நிலவில் இறங்குவதற்கு முன்பு ஊற்றியது. விக்ரம் நிலவில் இறங்கிய நாள் 2023 ஆகஸ்ட் 23. அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த போன்கள், குறுஞ்செய்திகள், தள்ளுபடி அறிவிப்புகள் எதுவும் உங்களை அசைக்கவில்லை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறி ஓடுகிற இந்தக் காலத்தில் இவ்வளவு நிதானம் எல்லோருக்கும் வராது.

அடுத்தது கணக்கு. வாழ்நாள் முழுக்கக் கணக்குத் துறையில் இருந்தவர் நீங்கள். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து பேரேடு பார்த்தவர். எண்ணெய் விஷயத்திலும் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறீர்கள். “புஸ்தகத்துல பத்தாயிரம் கிலோமீட்டர்னு போட்டிருக்கான். என் வண்டி இன்னும் நாலாயிரத்தைத் தாண்டலையே, எதுக்கு மாத்தணும்?” உங்கள் கார் மாதிரியான இன்றைய சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர்தான் கணக்கு. காருடன் வருகிற கையேட்டைப் பிரித்துப் படிக்கிறவர்களே அரிது, நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வரி பத்தாயிரத்தோடு முடியவில்லை பெரியப்பா. ‘அல்லது 12 மாதம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது’ என்று அதே வரியில், அதே எழுத்தில் இருக்கிறது. வாரண்டியில் இதே வாசகம் வந்தபோது நீங்கள் ஆண்டையும் பார்த்தீர்கள், கிலோமீட்டரையும் பார்த்தீர்கள். முடிகிற தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய்ப் பவர் விண்டோ மோட்டாரை மாற்றி வாங்கி வந்தீர்கள். உங்களுக்கு வரவேண்டியது என்றால் முழு வரியும் கண்ணில் படுகிறது. வண்டிக்குப் போகவேண்டியது என்றால் பாதியில் கண் அயர்ந்துவிடுகிறது. மற்ற கணக்கு எதிலும் உங்களுக்கு இப்படி ஆனதை நான் பார்த்ததில்லை.

ஓடாத வண்டிக்கு எண்ணெய் கெடாது என்பது உங்கள் கட்சி. அதற்கு நீங்கள் காட்டுகிற ஆதாரம் எனக்கு மிகவும் பிடிக்கும். “கோடிக்கணக்கான வருஷம் பூமிக்குள்ள கெடாம கிடந்த எண்ணெய், என் வண்டிக்குள்ள ஒரு வருஷத்துல கெட்டுடுமா?” கேட்டவர்கள் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள், சித்தப்பா உள்பட. நீங்கள் சொன்னதில் உண்மையும் உண்டு. மூல எண்ணெய் லேசில் சாகாது. அதனால்தான் வடித்தெடுத்த பழைய எண்ணெயைச் சுத்திகரித்து மறுபடி மூல எண்ணெயாக ஆக்க முடிகிறது. ஆனால் டப்பாவில் நீங்கள் வாங்குவது மூல எண்ணெய் மட்டும் என்று யார் சொன்னார்கள்? அதில் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை வேறு சரக்கு. அழுக்கைக் கழுவுவதற்கு ஒன்று, கழுவிய அழுக்கு கட்டி சேராமல் எண்ணெயிலேயே மிதக்க ஒன்று, இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் படலமாகப் படிந்து தேய்மானத்தை வாங்கிக்கொள்ள ஒன்று, அமிலத்தை முறிக்க ஒன்று, காற்றுப் பட்டுத் திரியாமல் காக்க ஒன்று, நுரை கட்டாமல் தடுக்க ஒன்று. இவை எல்லாமே செலவாகிற பொருள்கள். வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகும். பூமிக்குள் கிடந்தவரை அந்த எண்ணெய்க்கு இந்த வேலை எதுவும் கிடையாது. பெட்ரோல் எரிகிற இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி அது அங்கே குடியிருக்கவில்லை.

உங்கள் காரின் பயணங்களையும் புகழ்ந்தாக வேண்டும். மேற்கு மாம்பலத்திலிருந்து வடபழனி முருகன் கோயில் மூன்று கிலோமீட்டர் தூரம். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போகிறீர்கள். நடுவில் ரேஷன் கடை, வங்கி, பெரியம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. நூறடி ரோடு சிக்னலில் நிற்கிற நேரத்தைக் கழித்தால் வண்டி நகர்கிற நேரம் கொஞ்சம்தான். நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை, என்ஜினை ஒருநாளும் இரைய விட்டதில்லை. “பூப்போல வெச்சிருக்கேன்” என்று சொல்வீர்கள். அந்தப் பூவுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் வைத்திருக்கிற பெரியவர்கள் பாதிப் பேர் உங்கள் வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஆவியாக உண்டாவதால் நம் கண்ணில் படுவதில்லை. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடுகிறது. காலையில் முன்னால் நிற்கிற வண்டியின் குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். ஆனால் பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் இடுக்கில் நழுவிக் கீழே எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்கும். என்ஜின் குளிர்ந்திருந்தால் அந்த நீராவி அங்கேயே வேர்த்து எண்ணெயில் கலக்கும். கூடவே பெட்ரோலும் வரும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது அது நின்றுவிடக்கூடாது என்பதற்காகக் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தாராளமாகவே விடுகிறது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் வடிகிறது. எரிந்த காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகின்றன.

இதற்கெல்லாம் மருந்து சூடுதான். எண்ணெய் நன்றாகக் காய்ந்து கொஞ்ச நேரம் அப்படியே ஓடினால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, அதற்கென்று இருக்கிற வால்வு வழியாகத் திரும்பவும் உறிஞ்சப்பட்டு எரிந்துபோகும். டேஷ்போர்டில் குளிர்ச்சியைக் காட்டுகிற நீல விளக்கு அணைந்ததும் என்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். சூடானது ரேடியேட்டர் தண்ணீர். எண்ணெய் அந்தச் சூட்டுக்கு வந்துசேர இன்னும் நேரம் பிடிக்கும். அது வந்துசேர்வதற்குள் நீங்கள் கோயில் வாசலில் சாவியைத் திருகி அணைத்துவிடுகிறீர்கள். தரிசனம் முடிந்து திரும்பும்போது மறுபடி அதே கதை. வாரம் இரண்டு நாள், வருஷம் முழுக்க, அந்த எண்ணெய் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது, ஒருமுறைகூட உலர்ந்ததில்லை.

இதற்கு மேல் உங்கள் கடமையுணர்ச்சி வேறு. கார் எடுக்காத நாளிலும் காலையில் காபி குடித்த கையோடு கேட்டைத் திறந்து, வண்டியைக் கிளப்பி, ஐந்து நிமிஷம் நிற்கிற இடத்திலேயே ஓடவிட்டு அணைக்கிறீர்கள். “பேட்டரி இறங்கிடக் கூடாதுல்ல.” ஊரடங்குக் காலத்தில் தொடங்கிய பழக்கம், அன்று அதே பழக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் விட்டுவிட்டார்கள், நீங்கள் விடவில்லை. நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் உறுமினால் பேட்டரிக்கு, கிளப்பும்போது அது செலவழித்தது முழுசாகத் திரும்பி வருகிறதோ இல்லையோ, எண்ணெய்க்கு அன்றைய பங்கு தண்ணீரும் பெட்ரோலும் தவறாமல் போய்ச் சேருகின்றன. கிலோமீட்டர் மீட்டரில் ஓர் இலக்கமும் நகராமல், காரை வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டு, எண்ணெய்க்கு இவ்வளவு வயதைக் கூட்டிவிட உங்கள் ஒழுங்கு தேவைப்படுகிறது. ஒழுங்கில்லாத ஒருவரால் இது ஆகாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் பைபாஸ் பக்கம் ஓட்டிவிட்டு வந்திருந்தால் பேட்டரியும் பிழைத்திருக்கும், எண்ணெயும் உலர்ந்திருக்கும். பெட்ரோல் வீண் என்று நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்.

எண்ணெய் நிரப்புகிற மூடியை ஒருநாள் திருகித் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளுத்த பசை ஒட்டியிருந்தால் அது தண்ணீரும் எண்ணெயும் கடைந்து சேர்ந்தது. நெடுந்தூரம் போய்வந்த வண்டியில் அது தானே மறைந்துவிடும். உங்கள் வண்டியில் அது மறைவதற்கு நீங்கள் சந்தர்ப்பமே கொடுத்ததில்லை.

“என் வண்டி ஒரு சொட்டு எண்ணெய் குடிக்காது” என்று போன பொங்கலுக்கு எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். டிப் ஸ்டிக்கை உருவிக் காட்டவும் செய்தீர்கள். எண்ணெய், மேல் கோட்டுக்கும் ஒரு நூல் மேலேயே நின்றது. இத்தனை மாதம் ஆகியும் குறையாததோடு ஏறியும் இருக்கிறது! எல்லோரும் வியந்தார்கள். ஏறின அளவு எங்கிருந்து வந்தது, பெரியப்பா? சம்புக்குள் யாரும் எண்ணெய் ஊற்றவில்லை. வடிந்த பெட்ரோல்தான் அந்த ஏற்றம். பெட்ரோல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போகும். கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில், ஒரு தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில், இரண்டையும் ஒட்டவிடாமல் தாங்கி நிற்கிற படலம் அதுதான். அதே வண்டியை ஒருநாள் ஊருக்கு எடுத்துப் போய், நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம் காய்ந்து திரும்பினால், பெட்ரோல் பறந்துபோய் அளவு சட்டென்று இறங்கியிருக்கும். அப்போது எண்ணெய் குடிக்கிற வண்டி என்று அதன்மேல் பழி போடாதீர்கள். அது பாவம், இத்தனை நாள் குடித்ததைத்தான் கக்கியிருக்கிறது.

நிறத்தை வைத்து எண்ணெயின் நலத்தைச் சொல்கிற திறமையும் உங்களுக்கு உண்டு. குச்சியில் வந்த சொட்டை விரலில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, “இன்னும் தேன் மாதிரி இருக்கு பாரு” என்பீர்கள். எதிர்வீட்டு டீசல் வண்டியில் கறுப்பாக இருந்ததைப் பார்த்து அந்த மனிதருக்காக வருத்தப்பட்டீர்கள். அவர் மாற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. டீசல் என்ஜினில் புது எண்ணெய் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். புகைக்கரியைக் கட்டி சேரவிடாமல் தனக்குள் பிடித்து வைத்திருக்கிற எண்ணெய் அப்படித்தான் இருக்கும். கறுப்பது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அமிலம் முறிக்கும் சக்தி தீர்ந்துபோனதையும், பெட்ரோலால் நீர்த்துப்போனதையும், தேய்மானம் தடுக்கிற சரக்கு முடிந்துபோனதையும் விரலோ கண்ணோ சொல்லாது. அதற்குச் சோதனைக்கூடம் வேண்டும். அது நம்மிடம் இல்லாததால்தான் காரைச் செய்தவன், ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்று என்று தேதியைக் கொடுத்தான்.

அந்தத் தேதியும் நல்ல சூழ்நிலைக்குச் சொன்னது. கையேட்டில் இன்னும் நாலு பக்கம் தள்ளிப் போயிருந்தால் ‘கடினமான பயன்பாடு’ என்று வேறோர் அட்டவணை இருந்திருக்கும். மலையேறுவது, பாரம் இழுப்பது, புழுதியில் ஓடுவது இவற்றோடு இன்னும் இரண்டு அதில் இருக்கும்: அடிக்கடி குறுகிய தூரம் மட்டும் ஓட்டுவது, நின்ற இடத்தில் நெடுநேரம் என்ஜினை ஓடவிடுவது. அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் காலத்தைப் பாதியாக்கச் சொல்கின்றன: 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். நாற்பதைத் தாண்டாமல், கோயிலுக்கும் வங்கிக்கும் மட்டும், பூப்போல ஓட்டுகிற உங்கள் வண்டி, கொடைக்கானல் மலையில் சுமை ஏற்றிப் போகிற வண்டியோடு ஒரே அட்டவணையில் இருக்கிறது.

நம் தெருமுனையில் ஒரு கால்டாக்சி அண்ணன் இருக்கிறாரே, அவரைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வண்டி பார்க்கச் சகிக்காது. கதவில் கீறல், பம்பர் கயிற்றில் நிற்கிறது, சீட்டில் துண்டு விரித்திருக்கிறார். ஆனால் கண்ணாடியின் மூலையில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்: அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர். அந்த எண் வருகிற வாரம் எவ்வளவு சவாரி வந்தாலும் மெக்கானிக் கடையில் நிற்பார். “தேவையில்லாம காசைக் கரியாக்கறான்” என்று நீங்கள் அவரைப் பற்றிச் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது. அவர் வண்டி மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டி, புகை தள்ளாமல் ஓடுகிறது. காலையில் விமான நிலையம், மத்தியானம் மகாபலிபுரம், ராத்திரி வேலூர் என்று ஓடுவதால் எண்ணெய் நாள் முழுக்கச் சூட்டிலேயே இருந்து உலர்ந்துவிடுகிறது. எண்ணெய்க்கு எளிதான வாழ்க்கை அந்த வண்டியில். அதற்கே அவர் இவ்வளவு பார்க்கிறார்.

சர்வீஸ் சென்டர்காரர்கள்மேல் உங்களுக்குச் சந்தேகம் என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் மாற்றப் போனால் என்ஜினைக் கழுவுகிற மருந்து, எண்ணெயில் கலக்கிற மருந்து, ஏசிக்கு வாசனை மருந்து என்று பில்லில் ஏற்றுகிறார்கள். கையேட்டில் பத்தாயிரம் என்றிருக்கிற சிந்தடிக் எண்ணெயை ஊற்றிவிட்டு, விசாரிக்காமலே எல்லோருக்கும் ஐயாயிரத்துக்குச் சீட்டு ஒட்டுகிறார்கள். அமெரிக்காவில் 3,000 மைலுக்கு ஒருமுறை என்கிற வழக்கம் பழைய என்ஜின்களோடு பிறந்து, எண்ணெய் மாற்றும் கடைகளின் தயவில் வெகுகாலம் வாழ்ந்தது. கலிபோர்னியா மாநில அரசே அதை விட்டுவிட்டுக் கையேட்டைப் பாருங்கள் என்று பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது. வாடிக்கையாளரின் வண்டிமேல் அவர்கள் வைத்திருக்கிற அக்கறைக்கு எல்லை கிடையாது. நீங்கள் அதில் விழவில்லை. ஐந்து ரூபாயை ஏமாற்றி வாங்கப் பார்த்தவரிடமிருந்து தப்பிக்க, கொடுக்க வேண்டிய ஐந்து ரூபாயையும் கொடுக்காமல் வந்துவிட்டீர்கள்.

உங்கள் விசுவாசத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரீமியர் பத்மினி வைத்திருந்த காலத்தில் எந்தக் கெட்டியான எண்ணெயை ஊற்றினீர்களோ, அதையே இந்தக் காருக்கும் ஊற்றச் சொன்னீர்கள். “இப்ப வர்றதெல்லாம் தண்ணி மாதிரி இருக்கு, 20டபிள்யூ-40 போடுப்பா.” அந்த எண்ணெயின்மேல் உங்களுக்குள்ள பற்று எனக்குப் புரிகிறது, அது உங்களை நடுவழியில் விட்டதில்லை. ஆனால் உங்கள் இன்றைய என்ஜின் 5டபிள்யூ-30க்கோ 0டபிள்யூ-20க்கோ அளந்து செய்யப்பட்டது. அதில் எண்ணெய் போகிற வழிகள் குறுகல். வால்வு திறக்கிற நேரத்தை மாற்றுகிற கருவியே எண்ணெயின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண், குளிர்ந்த எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் ஓடும் என்பது. பின்னால் இருப்பது, சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. காலையில் கிளப்பியதும் முதல் சில நொடிகளில் மேலே கேம் ஷாஃப்ட்வரை எண்ணெய் ஏறிவிட வேண்டும். என்ஜினின் தேய்மானத்தில் பெரும்பங்கு அந்த நேரத்தில்தான் என்பார்கள் மெக்கானிக்குகள். எந்த எண் வேண்டும் என்று பல கார்களில் எண்ணெய் மூடியின்மேலேயே அச்சடித்திருப்பார்கள். உங்கள் கார் மூடியில் அந்த எழுத்து இன்றும் புத்தம் புதிதாக இருக்கும். தொட்டால்தானே அழியும்?

சிவப்பு விளக்கின்மேல் உங்களுக்கு இருக்கிற நம்பிக்கைதான் எனக்குப் பயம். “ஏதாச்சும்னா லைட் எரியப் போகுது, அப்ப பாத்துக்கலாம்.” அந்த எண்ணெய் விளக்கு அளவைக் காட்டுவதில்லை, தரத்தையும் காட்டுவதில்லை. அழுத்தம் விழுந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது. ஓடுகிற வண்டியில் அது எரிந்தால் பேரிங்குக்கு எண்ணெய் போவது குறைந்துவிட்டது என்று பொருள். ஓரம் கட்டி உடனே அணைக்க வேண்டும். அது நினைவூட்டல் விளக்கு என்று எண்ணி, அடுத்த ஊர் வரட்டும் என்று ஓட்டியவர்கள் என்ஜினை இறக்கியிருக்கிறார்கள்.

நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று கேட்பீர்கள். வருகிற மே மாதம் திருச்சிப் பக்கம் குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் போகிறோம். உங்கள் கார்தான் முன்னால் போகும் என்று முடிவாகிவிட்டது, ஏனென்றால் அதுதான் குடும்பத்திலேயே ‘புதுசு மாதிரி’ இருக்கிற கார். தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டி உளுந்தூர்பேட்டைக்கு மேல் ரோடு நீண்டு கிடக்கும். தம்பி ஓட்டுவான், நூறில் போவான். ஏசி, ஐந்து பேர், டிக்கி நிறையப் பொங்கல் சாமான், கத்திரி வெயில். இத்தனை நாள் பூப்போல இருந்த என்ஜின் அன்றைக்கு முதன்முதலாக உழைக்கப் போகிறது. ஈரமும் கரியும் அமிலமும் சேர்ந்து, காலப்போக்கில் எண்ணெய் கசடாகிச் சம்பின் அடியில் படிந்திருந்தால், எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்புகிற குழாயின் வாயில் ஒரு வலை இருக்கிறதே, அதில் போய் அடைக்கும். கேட்கிற அளவு எண்ணெய் பம்புக்கு வராது. வேலை அதிகமாகும்போது தட்டல் சத்தம் கேட்கும், அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ளும். பெரம்பலூருக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் பெரியம்மாவை வெயிலில் நிற்க வைத்துக்கொண்டு, டோவிங் வண்டிக்குக் காத்திருக்கிற நிலைமை வரக்கூடாது. பேரிங், கிராங்க், போர் வேலை என்று அந்த ஒரு சத்தத்துக்கு மெக்கானிக் போடுகிற பட்டியல் பல பத்தாயிரங்களில் போய் நிற்கும். மூன்று லிட்டர் எண்ணெய், ஒரு ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம். போன தீபாவளிக்கு நீங்கள் போட்ட சீட் கவர் அதைவிட அதிகம். அந்த சீட் கவர் அருமையாக இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். காரின் இன்ஷூரன்ஸை நீங்கள் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. புதுப்பிக்கிற தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே பணம் கட்டுகிறீர்கள். எண்ணெயையும் அதே தேதியில் கட்டிவிடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் தள்ளி இன்னொரு தடவை. சீட்டில் கிலோமீட்டரை எழுதச் சொல்லாதீர்கள், உங்களுக்கு அது எப்போதும் வராது. மாதத்தை எழுதச் சொல்லுங்கள்.

மாற்றுகிற அன்று வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள். சூடான எண்ணெய்தான் அழுக்கையும் இழுத்துக்கொண்டு முழுசாக வடியும். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றிச் சொட்டு நிற்கிறவரை பொறுங்கள், உங்களுக்குப் பொறுமை உண்டு. ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரில் பழைய எண்ணெய் தேங்கியிருக்கும். போல்ட்டுக்குப் புது வாஷர் கேளுங்கள், கொஞ்சக் காசுதான். சீல் பிரிக்காத டப்பாவை உங்கள் கண்ணெதிரில் திறக்கச் சொல்லுங்கள், காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். போலி எண்ணெய் அடைக்கிறவர்களுக்கு அந்தக் காலி டப்பாதான் முதல். ஊற்றி முடித்துக் கிளப்பி, கசிவு பார்த்து, அணைத்து, சமதரையில் சில நிமிஷம் விட்டபிறகு குச்சியைப் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல்கோட்டை ஒட்டி இருந்தால் போதும்.

இன்னொன்று. வடித்த எண்ணெயை ஒரு கேனில் பிடித்துத் தரச் சொல்லி, கொல்லைக் கதவுக்கும் தென்னை மரத்துக்கும் கரையானுக்காகப் பூசலாம் என்று இருப்பீர்கள். எதையும் வீணாக்காத மனசு, தெரியும். அதைக் கையால் தொடவும் கூடாது, மண்ணில் விடவும் கூடாது. தேய்ந்த உலோகமும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களும் அதில் கலந்திருக்கும். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பழைய எண்ணெய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மறுசுத்திகரிப்புக்குக் கொடுக்கிற கடையிலேயே விட்டுவிடுவோம்.

வருகிற சனிக்கிழமை காலையில் நான் வருகிறேன். கூலியில் பேரம் பேசுவது உங்கள் பொறுப்பு, அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. டிப் ஸ்டிக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.